ஆண் துணை இல்லாத வீடு: ஆப்கானிஸ்தானில் மதச் சட்டமும் போரும், ஓர் எளிய விளக்கம்

ஆப்கானிஸ்தானில் பெண்களுக்குப் புதிதாக ஒரு தடை என்று செய்தி வந்தால் போதும், பேச்சு இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடும். "அவர்கள் மதமே அப்படித்தான்" என்பார்கள் ஒரு சாரார். "மேலை நாட்டு ஊடகங்கள் ஊதிப் பெரிதாக்குகின்றன" என்பார்கள் மறு சாரார். இன்று அங்கே சிறுமிகளுக்கு ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளி இல்லை. முதல் சாரார் சொல்வது சரியென்றால் உலகின் எல்லா முஸ்லிம் நாடுகளிலும் பெண்கள் ஆறாம் வகுப்போடு நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். அப்படி வேறெங்கும் இல்லை. மறு சாரார் சொல்வது சரியென்றால் அந்தப் பள்ளிகள் திறந்திருக்க வேண்டும், அதுவும் இல்லை.

இந்த இரண்டு பேச்சும் நாற்பது ஆண்டுப் போரைக் கணக்கில் எடுப்பதே இல்லை. மதச் சட்டத்தின் பெயரால் வரும் ஆணையும் போர் விட்டுச்சென்ற வெறுமையும் ஒரே வீட்டில் சந்திக்கும்போது என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் அந்த நாட்டுப் பெண்களின் நிலையைப் புரிந்துகொள்ள முடியாது. அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

ஆறு, வாய்க்கால், மதகு

ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது. அது வயலுக்கு வர வேண்டுமானால் மனிதர்கள் வாய்க்கால் வெட்ட வேண்டும். யார் வெட்டினார்கள், எந்த மேட்டைச் சுற்றிக்கொண்டு போனார்கள் என்பதைப் பொறுத்து ஒரே ஆற்றிலிருந்து பல வாய்க்கால்கள் பிரியும். வாய்க்காலின் தலைப்பில் ஒரு மதகு. அதைத் திறப்பதும் மூடுவதும் அன்றைக்கு யார் பொறுப்பில் இருக்கிறாரோ அவர் கையில். வயல் காய்ந்து கிடந்தால் ஆற்றில் நீர் இல்லையா, வாய்க்கால் தூர்ந்துவிட்டதா, மதகை மூடிவிட்டார்களா என்று மூன்றையும் பார்த்துத்தான் காரணம் சொல்ல முடியும்.

இஸ்லாமியச் சட்டத்திலும் மூன்று அடுக்குகள் உண்டு. ஷரீஅத் என்பது குர்ஆனிலும் நபிவழியிலும் இறைவன் காட்டியதாக முஸ்லிம்கள் நம்பும் நெறி. ஃபிக்ஹு என்பது அந்த நெறியைச் சட்ட அறிஞர்கள் படித்து, விவாதித்து, விதிகளாக வகுத்த மனித முயற்சி. அதனால்தான் ஹனஃபி, மாலிகி, ஷாஃபிஈ, ஹன்பலி என்று சுன்னி முஸ்லிம்களிடையே நான்கு சட்டப் பள்ளிகளும் ஷியாக்களிடையே ஜஅஃபரி போன்ற பள்ளிகளும் இருக்கின்றன. மூன்றாவது அடுக்கு, ஆட்சியில் இருப்பவர் பிறப்பிக்கும் சட்டமும் ஆணையும்.

செய்திகளில் "ஷரீஅத் சட்டம்" என்று படிக்கிறோமே, அது பெரும்பாலும் இந்த மூன்றாவது அடுக்குதான். மதகை மூடியவர் தன் பெயரைச் சொல்லாமல் ஆற்றின் பெயரைச் சொல்கிறார்.

தாலிபான் ஆணைகள் எந்த அடுக்கு?

2021 ஆகஸ்ட் 15 அன்று தாலிபான்கள் காபூலைக் கைப்பற்றினார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம உரிமை என்று சொன்ன 2004 அரசியலமைப்பு நடைமுறையில் இல்லாமல் போனது. நாடாளுமன்றம் இல்லை. கந்தஹாரில் இருக்கும் தலைவர் ஹிபத்துல்லா அகுந்த்ஸாதா பிறப்பிக்கும் ஆணைகளே சட்டமாயின.

செப்டம்பரில் மேல்நிலைப் பள்ளிகள் (ஏழாம் வகுப்பு முதல்) ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் திறந்தன. மகளிர் அமைச்சகத்தின் கட்டடத்தில் நன்மையை ஏவித் தீமையைத் தடுக்கும் அமைச்சகத்தின் பலகை ஏறியது. 2022 மார்ச் 23 அன்று மாணவிகள் வகுப்பில் வந்து உட்கார்ந்த பிறகு, பள்ளி மீண்டும் மூடப்படுகிறது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் பூங்காவும் உடற்பயிற்சிக் கூடமும் மறுக்கப்பட்டன. டிசம்பரில் பல்கலைக்கழகமும் தொண்டு நிறுவன வேலையும். 2023-இல் ஐ.நா. அலுவலகங்களும் அழகு நிலையங்களும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. 2024 ஆகஸ்டில் வெளியான 35 பிரிவுகள் கொண்ட ஒழுக்கச் சட்டம், பொது இடத்தில் பெண்ணின் குரலையும் மறைக்கப்பட வேண்டியதாக அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் செவிலியர், மருத்துவச்சிப் படிப்புகளும் மூடப்பட்டன. பிரசவத்தில் தாய் இறப்பது உலகிலேயே அதிகமாக இருந்த நாடுகளில் ஒன்றில், மருத்துவச்சியாகப் படிக்கவும் பெண்ணுக்குத் தடை! பெண் நோயாளியை ஆண் மருத்துவர் பார்ப்பதற்கும் பல இடங்களில் தடை இருக்கும்போது, இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

இதில் மதத்தின் பங்கு எவ்வளவு? கல்வித் தடையை எடுத்துக்கொள்வோம். பல்கலைக்கழகக் கதவு மூடப்பட்டதும், சுன்னி உலகின் மிகப் பழைய கல்விப் பீடங்களில் ஒன்றான எகிப்தின் அல்-அஸ்ஹரின் தலைமை இமாம் அஹ்மத் அல்-தைய்யிப், இந்தத் தடை ஷரீஅத்துக்கே முரணானது என்று அறிக்கை விட்டார். முஸ்லிம் நாடுகளின் கூட்டமைப்பான இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பும் கண்டித்தது. தாலிபான்களுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது: வெளியுறவுத் துணை அமைச்சராக இருந்த ஷேர் முகம்மது அப்பாஸ் ஸ்தானிக்ஸாய் 2025 ஜனவரியில் கோஸ்த் நகரில் ஒரு பட்டமளிப்பு விழா மேடையிலேயே, இந்தத் தடைக்கு எந்த நியாயமும் இல்லை என்று பேசினார். சிறிது காலத்தில் அவர் நாட்டைவிட்டு வெளியேறிவிட்டதாகச் செய்தி வந்தது. யுனெஸ்கோ 2024-இல் வெளியிட்ட கணக்குப்படி, குறைந்தது 14 லட்சம் சிறுமிகளுக்கு மேல்நிலைக் கல்வி மறுக்கப்பட்டிருக்கிறது. இது மதகை மூடிய வேலை, சந்தேகமே வேண்டாம்.

ஆனால் எல்லாப் பழியையும் மதகின் மேலேயே போட்டுவிடுவதும் நேர்மையாகாது. வாய்க்காலிலும் மேடு பள்ளம் உண்டு. மரபான ஃபிக்ஹு மகனுக்குத் தரும் சொத்துப் பங்கில் பாதியை மகளுக்குத் தருகிறது. மணவிலக்கில் ஆணுக்கு எளிய வழியும் பெண்ணுக்குக் கடினமான வழியும் வைத்திருக்கிறது. முஸ்லிம் பெண் அறிஞர்கள் பலர் மதத்துக்குள் நின்றே இவற்றைக் கேள்வி கேட்கிறார்கள்; பல நாடுகள் குடும்பச் சட்டங்களைத் திருத்தியிருக்கின்றன. அந்த விவாதம் நடக்க வேண்டுமானால் பெண்கள் படித்திருக்க வேண்டும், பேச முடிய வேண்டும். ஆப்கானிஸ்தானில் முதலில் பறிக்கப்பட்டவை அவை இரண்டும்தான்.

இதுவரை பார்த்ததைத் தொகுத்துக்கொள்வோம். நெறி ஒன்று, அதை மனிதர்கள் புரிந்துகொண்ட விதம் இன்னொன்று, ஆட்சியாளரின் ஆணை மூன்றாவது. ஆப்கானிஸ்தானின் கடுமையான தடைகளில் பெரும்பாலானவை மூன்றாவது வகை.

மஹ்ரம்: முழு அமைப்பும் சுழலும் அச்சு

பள்ளித் தடையைப் பற்றி உலகம் நிறையப் பேசுகிறது. நான் அதைவிட ஆழமானதாக நினைப்பது மஹ்ரம் விதி. மஹ்ரம் என்றால் ஒரு பெண் எந்நாளும் மணம் செய்துகொள்ள முடியாத நெருங்கிய ஆண் உறவு: தந்தை, உடன்பிறந்தவன், மகன், தாய்மாமன், தந்தையின் உடன்பிறந்தவர், மாமனார். பயணத் துணை என்ற அளவில் கணவனும் இதில் அடக்கம். கணவனின் தம்பியோ அண்ணனோ மஹ்ரம் ஆக மாட்டார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பழைய சட்ட நூல்கள் இந்த விதியைப் பயணத்தோடு இணைத்துப் பேசின. வழிப்பறியும் ஆபத்தும் நிறைந்த காலத்தில், நெடுந்தூரம் போகும் பெண்ணோடு ஓர் உறவினர் இருக்கட்டும் என்ற ஏற்பாடு அது. கடமையான ஹஜ்ஜுக்கு நம்பகமான பெண்கள் குழுவோடு போகலாம் என்று மாலிகி, ஷாஃபிஈ அறிஞர்கள் அப்போதே இடம் கொடுத்தார்கள். சவூதி அரேபியாவும் மாறியது. 21 வயது நிறைந்த பெண்கள் ஆண் காப்பாளரின் அனுமதி இல்லாமல் கடவுச்சீட்டு வாங்கவும் பயணம் செய்யவும் 2019-இல் வழி செய்தது. ஹஜ்ஜுக்கு வரும் பெண்ணுக்கு மஹ்ரம் கட்டாயமில்லை என்று அதன் ஹஜ் அமைச்சர் 2022-இல் அறிவித்தார்.

ஆப்கானிஸ்தானில் அது எதிர்த்திசையில் போனது. 72 கிலோமீட்டருக்கு மேல் செல்லும் பெண்ணை மஹ்ரம் இல்லாமல் வண்டியில் ஏற்றக் கூடாது என்று 2021 டிசம்பரில் ஓட்டுநர்களுக்கு உத்தரவு வந்தது. போகப்போக அது தூரத்தைப் பற்றிய விதியாகவே இல்லை. பல மாகாணங்களில் மருத்துவமனைக்கும் அரசு அலுவலகத்துக்கும் போகவே மஹ்ரம் கேட்டார்கள். 2024 சட்டம் தூரக் கணக்கையே விட்டுவிட்டு, மஹ்ரம் இல்லாத பெண்ணை ஏற்றுவதே ஓட்டுநரின் குற்றம் என்றது.

இதன் உண்மையான இயக்கம் 2022 மே மாத ஹிஜாப் ஆணையில்தான் பச்சையாகத் தெரிகிறது. பெண் முகத்தை மறைக்காமல் வெளியே வந்தால் தண்டனை யாருக்கு? அவள் தந்தைக்கு, அல்லது கணவனுக்கு, அல்லது சகோதரனுக்கு. முதலில் எச்சரிக்கை, பிறகு அலுவலகத்துக்கு அழைப்பு, பிறகு மூன்று நாள் சிறை, அதற்கும் பிறகு நீதிமன்றம். அவர் அரசு ஊழியராக இருந்தால் வேலையும் போகலாம்.

இதை யோசித்துப் பாருங்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களைக் கண்காணிக்க எந்த அரசிடமும் காவலர்கள் இல்லை. அதனால் ஒவ்வொரு வீட்டு ஆண்மகனையும் அரசு தன் காவலராக்கிவிட்டது. மகளை ஆசையாகப் படிக்க வைத்த தந்தைகூட, தன் வேலைக்கும் சிறைக்கும் பயந்து, "வெளியே போகாதேம்மா" என்று கதவை மூட வேண்டியிருக்கிறது. அவர் கொடுமைக்காரர் அல்லர். அந்தப் பயத்தை நம்பித்தான் விதி நடக்கிறது.

அப்படியானால் அந்த ஆண் இல்லாத வீட்டில்?

போர் எதை எடுத்துக்கொண்டது

1978 ஏப்ரலில் கம்யூனிஸ்டுகளின் ஆட்சிக் கவிழ்ப்பு. 1979 டிசம்பரில் சோவியத் படையெடுப்பு. 1989 பிப்ரவரியில் அது விலகியது. 1992-இல் சோவியத் ஆதரவு பெற்றிருந்த நஜீபுல்லாவின் அரசு விழுந்ததும், அதை எதிர்த்துப் போரிட்ட முஜாஹிதீன் குழுக்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காபூலைச் சிதைத்தன. 1996 செப்டம்பரில் முதல் தாலிபான் ஆட்சி. 2001 அக்டோபரில் அமெரிக்கக் குண்டுவீச்சு. 2021 வரை இருபது ஆண்டுப் போர். ஒரு பெண் 1970-இல் பிறந்திருந்தால், தந்தையை ஒரு போரிலும் கணவனை இன்னொரு போரிலும் மகனை மூன்றாவது போரிலும் இழந்திருக்க முடியும். அப்படி இழந்த பெண்கள் அங்கே ஏராளம்.

எல்லாப் போரிலும் ஆண்கள் பெருமளவில் சாகிறார்கள். வீட்டைத் தாங்கும் பொறுப்பு பெண்கள் தலையில் விழுகிறது. வேறு நாடுகளில் போர்க்காலத்தில் பெண்கள் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் போனார்கள். ஆப்கானிஸ்தானில் பொறுப்பு வந்தது, அதைச் சுமக்கும் வழி அடைபட்டது. பெண்ணுக்கு வேண்டியதை ஆண் கொண்டுவருவான், அவள் போக வேண்டிய இடத்துக்கு ஆண் கூட்டிப்போவான் என்பது ஆணையின் அனுமானம். அந்த ஆண்மகனைப் போர் ஏற்கெனவே கொண்டுபோய்விட்டது.

1990-களில் காபூலில் மட்டும் சுமார் 30,000 போர் விதவைகள் இருப்பதாக மதிப்பிட்டார்கள். முதல் தாலிபான் ஆட்சி அவர்களுக்கும் வேலையைத் தடை செய்தது. உலக உணவுத் திட்டம் விதவைகளைக் கொண்டே ரொட்டி அடுமனைகள் நடத்தி, ஏழைக் குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் ரொட்டி கொடுத்துவந்தது. 2000 ஆகஸ்டில் தாலிபான்கள் அவற்றை மூட உத்தரவிட்டார்கள். உடனேயே அந்த உத்தரவைத் திரும்பப் பெறவும் நேர்ந்தது. அடுமனைகள் மூடினால் யார் பட்டினி கிடப்பார்கள் என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

இப்போது கணவனின் சகோதரனிடம் வருவோம். கணவன் இறந்த பெண், பிள்ளைகள் இருந்தால் அவன் சொத்தில் எட்டில் ஒரு பங்குக்கும், இல்லையென்றால் நான்கில் ஒரு பங்குக்கும் உரியவள் என்பது குர்ஆனின் தெளிவான விதி. கணவன் இறந்த பின் நான்கு மாதம் பத்து நாள் காத்திருக்கும் காலத்துக்கு இத்தா என்று பெயர். அது முடிந்ததும் மறுமணம் செய்வதும் செய்யாததும் அவள் விருப்பம். ஆனால் பல பகுதிகளின் குலவழக்கம் வேறு மாதிரி: விதவை கணவன் வீட்டுச் சொத்துபோலக் கருதப்படுகிறாள், கொழுந்தனுக்கு மணமுடிக்கப்படுகிறாள். அவன் மஹ்ரம் இல்லை என்பதால், மணக்காமல் அவனைப் பயணத் துணையாக வைத்துக்கொள்ளவும் விதி இடம் தராது. ஆண் துணை கட்டாயம் என்னும் ஆணை, அவளை அந்த மணத்தை நோக்கி இன்னும் நெருக்குகிறது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: விதவையைக் கட்டாய மணம் செய்யக் கூடாது, அவள் சொத்துப் பங்கைத் தர வேண்டும், பெண்ணைப் பகை தீர்க்கக் கைமாற்றக் கூடாது என்று 2021 டிசம்பரில் ஹிபத்துல்லாவே ஓர் ஆணை பிறப்பித்தார். காகிதத்தில் அது நல்ல ஆணை. ஆனால் அந்தப் பங்கைக் கொழுந்தன் தர மறுத்தால் அவள் எங்கே போவாள்? முந்தைய அரசில் இருந்த 250-க்கும் மேற்பட்ட பெண் நீதிபதிகள் நீக்கப்பட்டுவிட்டார்கள். பெண்களுக்கு எதிரான வன்முறையை விசாரித்த தனிப் பிரிவுகள் இல்லை. அடைக்கல இல்லங்கள் மூடப்பட்டன. மனித உரிமை ஆணையம் 2022 மே மாதத்தில் கலைக்கப்பட்டது. நீதிமன்றத்துக்குப் போக ஆண் துணை வேண்டும். வழக்கோ அந்த வீட்டு ஆணின் மேல்.

சுருக்கமாகச் சொன்னால்: விதி ஓர் ஆண்மகனை முன்வைத்து எழுதப்பட்டது, போர் அந்த ஆண்மகனை எடுத்துக்கொண்டது, எஞ்சியது விதி மட்டும்.

வேறு வழி இருந்ததா?

இருந்தது. ஈரானைப் பாருங்கள். அதுவும் மதச் சட்டத்தில் நடக்கும் அரசுதான். மணமான பெண் வெளிநாடு செல்ல இன்றைக்கும் கணவனின் அனுமதி வேண்டும். 1980 முதல் 1988 வரை ஈராக்குடன் நடந்த போரில் லட்சக்கணக்கில் ஆண்கள் இறந்தபோது அங்கேயும் ஒரு சிக்கல் எழுந்தது. அங்கு நடந்த சட்டப்படி, தந்தை இறந்தால் பிள்ளைகளின் காப்பு தந்தைவழிப் பாட்டனுக்கு. கணவனைப் போரில் கொடுத்த பெண்கள் பிள்ளைகளையும் மாமனார் வீட்டுக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. அவர்கள் போராடினார்கள். 1985-இல் ஈரான் நாடாளுமன்றம், போரில் இறந்தவர்களின் பிள்ளைகளைத் தாயே வளர்க்கலாம், அவள் மறுமணம் செய்துகொண்டாலும் அந்த உரிமை போகாது என்று சட்டம் இயற்றியது.

ஈரானைப் பாராட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த அரசு பெண்களை ஒடுக்குவதை ஹிஜாப் விதியை மீறியதாகக் கைதான இளம்பெண் மஹ்சா அமீனி 2022-இல் இறந்த பிறகு உலகமே பார்த்தது. ஆனால் மதச் சட்டத்துக்குள் நின்றுகொண்டே, போரால் வந்த இழப்பைப் பார்த்து விதியைத் திருத்த முடியும் என்பதற்கு இது சான்று. அங்கே தியாகிகளின் மனைவியர் என்று அவர்களுக்கு ஒரு மதிப்பு இருந்தது, முறையிட ஒரு நாடாளுமன்றம் இருந்தது. ஆப்கன் விதவைக்கு இரண்டுமே இல்லை.

போரே கடுமையை வளர்த்தது

இந்தக் கடுமை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஆப்கன் மரபிலிருந்து என்பது பாதிப் பதில். அதே நாட்டில்தான் 1921-இல் காபூலில் அரசர் அமானுல்லாவின் காலத்தில் சிறுமிகளுக்குப் பள்ளி திறந்தது. 1964 அரசியலமைப்பின் கீழ்ப் பெண்கள் வாக்களித்து நாடாளுமன்றத்துக்கும் போனார்கள். 1980-களில் பல லட்சம் பேர் பாகிஸ்தான் அகதி முகாம்களுக்கு ஓடினார்கள். அங்கே தந்தையை இழந்த சிறுவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தவை மதரஸாக்கள். தாய், சகோதரி, அக்கம்பக்கத்துப் பெண்கள் யாரோடும் பழகாமல், ஆண்களுக்கிடையே மட்டும், போர்ப் பேச்சைக் கேட்டே வளர்ந்த ஒரு தலைமுறை அங்கிருந்து வந்தது. 1992-க்குப் பிறகு ஆயுதக் குழுக்கள் பெண்களைக் கடத்தியதும் வல்லுறவு செய்ததும் மக்களுக்குத் தாங்க முடியாததாயிற்று. 1994-இல் கந்தஹாரில் கிளம்பிய தாலிபான்கள், "பெண்களின் மானம் காக்க வந்தோம்" என்று சொன்னபோது பலர் நம்பியதற்குக் காரணம் அதுதான். பாதுகாப்பு என்ற பெயரில் அவர்கள் தெரிந்துவைத்திருந்த ஒரே வழி, பெண்ணை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவது.

அடுத்து வந்தவர்களும் பெண்களின் பெயரைச் சொல்லியே வந்தார்கள். 2001 நவம்பரில் அமெரிக்க அதிபரின் மனைவி லாரா புஷ், பயங்கரவாதத்துக்கு எதிரான போர் பெண்களின் உரிமைக்கான போரும்கூட என்று வானொலியில் பேசினார். நகரங்களில் மாற்றம் உண்மையாகவே வந்தது: பள்ளிகள், பெண் மருத்துவர்கள், நாடாளுமன்றத்தில் ஒதுக்கப்பட்ட இடங்கள். ஆனால் ஹெல்மந்த் போன்ற மாகாணங்களின் கிராமத்துப் பெண் கண்டது நள்ளிரவுச் சோதனையும் வான்தாக்குதலும். 2021-இல் குண்டுச் சத்தம் ஓய்ந்தபோது அவர்களில் பலர் நிம்மதி அடைந்தார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான் சொன்னதாகும். காபூல் மாணவியின் இழப்பும் உண்மை, அந்தக் கிராமத்துத் தாயின் நிம்மதியும் உண்மை. அந்தத் தாயின் மகளுக்கும் இப்போது ஏழாம் வகுப்பு கிடையாது.

2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில் அமெரிக்காவும் தாலிபான்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் படை விலக்கமும் கைதிகள் விடுதலையும் உண்டு. பெண்களின் உரிமை என்று ஒரு வரிகூட இல்லை.

சர்வதேசச் சட்டம் இப்போது எங்கே நிற்கிறது

2025 ஜூலை 8 அன்று சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் ஹிபத்துல்லா அகுந்த்ஸாதா மீதும் தலைமை நீதிபதி அப்துல் ஹக்கீம் ஹக்கானி மீதும் கைது ஆணை பிறப்பித்தது. குற்றச்சாட்டு: பாலின அடிப்படையிலான துன்புறுத்தல். ஒரு பிரிவினரைப் பாலினத்தின் காரணமாகக் குறிவைத்து, அவர்களின் அடிப்படை உரிமைகளைத் திட்டமிட்டுப் பறிப்பது என்று இதற்குப் பொருள். மானுடத்துக்கு எதிரான குற்றங்களில் ஒன்று. அந்த நீதிமன்றத்துக்குச் சொந்தக் காவல்துறை கிடையாது. அவர்கள் நாட்டைவிட்டு வெளியே வந்தால் உறுப்பு நாடுகள் பிடித்துக்கொடுக்க வேண்டும் என்பதுதான் அதன் பலம். அதே மாதத் தொடக்கத்தில் தாலிபான் அரசை முறையாக அங்கீகரித்த முதல் நாடாக ரஷ்யா ஆகியிருந்தது.

ஆப்கன் பெண் செயற்பாட்டாளர்கள் இதற்கும் மேலே ஒன்றைக் கேட்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் நிறத்தை வைத்து நடந்த ஒதுக்கலைக் குற்றம் என்று வரையறுத்ததுபோல, பாலினத்தை வைத்து ஒரு நாட்டின் பாதி மக்களை ஒதுக்கி ஆளும் முறையையும் தனிக் குற்றமாக வரையறுக்க வேண்டும் என்கிறார்கள். இப்போதைய சர்வதேசச் சட்டத்தில் அப்படி ஒரு குற்றம் இல்லை. மானுடத்துக்கு எதிரான குற்றங்கள் குறித்துப் புதிய உடன்படிக்கை எழுத ஐ.நா. பொதுச்சபை 2024 டிசம்பரில் முடிவெடுத்தது. அதற்கான மாநாடுகள் 2028-லும் 2029-லும் நடக்கவிருக்கின்றன. பாலின ஒதுக்கல் என்ற அந்தப் பிரிவு வரைவில் சேர வேண்டும் என்பதற்காக, நாட்டுக்கு வெளியே இருக்கும் ஆப்கன் சட்டத்தரணிகளும் முன்னாள் நீதிபதிகளும் இப்போதிருந்தே ஒவ்வோர் அரசின் கதவையும் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.